நஞ்சைப் பூட்டிவைக்கும் கண்டல் காடு



நம் மலாக்கா மாநிலத்தின் வடமேற்கு எல்லையில் லிங்கி ஆறு கடலில் கலக்கிறது. அது கடலைச் சேரும் குவாலா லிங்கியில், கடல் ஏறும்போது முழுகியும் வற்றும்போது வெளிப்பட்டும் கிடக்கும் சேற்று நிலத்தில் ஒரு காடு நிற்கிறது. மலாய்க்காரர்கள் அதை பாக்காவ் என்கிறார்கள். தமிழில் அதற்குக் கண்டல் காடு என்றும், அலையாத்திக் காடு என்றும் பெயருண்டு. அலையை ஆற்றுவதால், அதாவது அதன் வேகத்தைத் தணிப்பதால், அலையாத்தி.

அலையைத் தணிப்பது இக்காட்டின் வேலை என்பது பலருக்கும் தெரியும். 2004ஆம் ஆண்டின் ஆழிப் பேரலைக்குப் பிறகு அது நன்றாகவே விளங்கிவிட்டது. ஆனால் இந்தக் காடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையையும் இரவும் பகலும் செய்துகொண்டிருக்கிறது. ஆற்றோடு வரும் உலோக நஞ்சுகளைச் சேற்றுக்குள் பிடித்து வைப்பதே அந்த வேலை. அதை எப்படிச் செய்கிறது, செய்து தானும் எப்படிப் பிழைக்கிறது, அதில் நமக்கென்ன பொறுப்பு என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் கன உலோகம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். காரீயம், பாதரசம், காட்மியம், செம்பு, துத்தநாகம், குரோமியம் போன்றவற்றை இப்படி அழைக்கிறோம். காரீயம் தண்ணீரைப்போல் 11 மடங்கு கனம். பாதரசம் 13 மடங்குக்கும் மேல். ஆர்செனிக் என்னும் பாஷாணத்தையும் விஞ்ஞானிகள் இந்தக் கூட்டத்தோடு சேர்த்தே பேசுவார்கள். நம்மவர் ஈயலம்பம் என்று சொல்லும் சுரங்கத்தில் எடுத்தது வெள்ளீயம். நான் நஞ்சென்று சொல்வது காரீயம். இரண்டும் வேறு வேறு.

இவற்றுள் செம்பும் துத்தநாகமும் சிறிதளவு எல்லா உயிர்களுக்கும் தேவை. அளவு மீறினால்தான் நஞ்சு. காரீயத்துக்கும் பாதரசத்துக்கும் காட்மியத்துக்கும் நம் உடம்பில் எந்த வேலையும் இல்லை. குழந்தைகளின் மூளையைக் காரீயம் பாதிக்கும். அதில் தீங்கற்ற அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஜப்பானில் மினமாத்தா என்னும் ஊரில், ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் கடலில் கலந்து, மீனில் ஏறி, மீன் உண்ட மக்களின் நரம்புகளைக் கெடுத்தது. 1956ஆம் ஆண்டில் அந்த நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. அந்நாட்டிலேயே ஜின்சு ஆற்றுப் படுகையில் காட்மியம் நெல்வயலில் புகுந்து, பலருடைய எலும்புகளை நொறுங்கச் செய்தது.

மற்ற கழிவுகளுக்கும் உலோகங்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாணமும் இலைதழையும் நாளடைவில் மக்கி மண்ணாகிவிடும். எண்ணெயைக்கூட நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்று தீர்த்துவிடும். உலோகம் மக்காது. நெருப்பில் போட்டாலும் அழியாது. ஓரிடத்தில் இல்லையென்றால் வேறோர் இடத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், இனிச் சொல்லப்போவது எல்லாம் எளிதில் விளங்கும்.

இந்த உலோகங்கள் எங்கிருந்து வருகின்றன? லிங்கி ஆற்றையே எடுத்துக்கொள்வோம். அது நெகிரி செம்பிலான் மலைகளில் பிறந்து, சிரம்பான் நகரத்தைத் தொட்டு, தோட்டங்களையும் கம்பங்களையும் கடந்து வருகிறது. ஒரு காலத்தில் சுங்கை ஊஜோங் வெள்ளீயம் படகுகளில் இறங்கிய வழி இந்த ஆறுதான். சுரங்கம் தோண்டும்போது, தாதுவோடு கலந்திருந்த பாஷாணமும் பிற உலோகங்களும் கழிமணலில் வெளிப்படும். மழை அவற்றை ஆற்றுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

தோட்டங்களுக்கும் இதில் பங்குண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், லாலான் புல்லைக் கொல்ல மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் என்ற மருந்தைத் தெளித்தார்கள். அது பாஷாண மருந்து. மேய வந்த மாட்டுக்கும் ஆபத்து, தெளித்தவருக்கும் ஆபத்து. பிற்காலத்தில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நாம் வெட்டிய பாலில் டயரும் கையுறையும் செய்ய, ஆலைகளில் துத்தநாக ஆக்சைடைச் சேர்க்கிறார்கள். அந்த டயர் சாலையில் தேயும்போது அதிலிருந்து உதிரும் தூளில் துத்தநாகம் இருக்கிறது. மழைநீர் அதைக் கால்வாயில் சேர்க்கிறது. மலாக்கா நீரிணையிலோ ஆண்டுக்கு 80,000க்கும் அதிகமான கப்பல்கள் செல்கின்றன. கப்பலின் அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசும் சாயத்தில் செம்பு உண்டு. அதைவிடக் கொடிய ஒரு வெள்ளீயச் சாயமும் புழக்கத்தில் இருந்தது. அனைத்துலக ஒப்பந்தத்தின்படி 2008ஆம் ஆண்டில் அது தடை செய்யப்பட்டது.

இத்தனையும் சிறிது சிறிதாக வந்து சேரும் இடம் கழிமுகம். காரணம், ஆறு கடலைச் சந்திக்குமிடத்தில் நீரோட்டம் தளர்கிறது. உப்புநீர் பட்டவுடன், கலங்கிய நீரிலுள்ள நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படிகின்றன. உலோகங்கள் அந்தக் களிமண்ணைப் பற்றிக்கொண்டு தாமும் படிகின்றன. கண்டல் மரங்களின் வேர்கள் நீரை இன்னும் மந்தப்படுத்துவதால், படிவது அதிகமாகிறது. ஆகவே இந்த மரங்கள் தாம் விரும்பாமலேயே நஞ்சுச் சேற்றில் கால் ஊன்றி நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படியிருந்தும் அவை எப்படி உயிர் வாழ்கின்றன?

முதல் காவல் மரத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது. கண்டல் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். பலர் அதைச் சாக்கடை நாற்றம் என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சேற்றில் காற்றுப் புகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே உதிர்ந்த இலையைத் தின்று, கடல்நீரிலுள்ள கந்தகச் சத்தை ஒரு வாயுவாக மாற்றுகின்றன. அதன் நாற்றமே அது. நீரில் கரைந்து வந்த காரீயமும் செம்பும் காட்மியமும் இந்தக் கந்தகத்தோடு சேர்ந்தவுடன், கரையாத திடப் பொருளாகி விடுகின்றன. தோட்டத்து ஸ்டோரில் பாலில் ஆசிட் ஊற்றியதும் அது உறைந்து கட்டியாகிறதல்லவா? ஏறத்தாழ அதுபோலத்தான். கரைந்து திரியும் நஞ்சு வேருக்குள் எளிதில் போகும். உறைந்து கிடக்கும் நஞ்சுக்கு அவ்வளவு எளிதில் வழி கிடைக்காது.

இரண்டாம் காவல் வேரின் தோலில். சேற்றில் காற்றில்லையென்றால் வேர் எப்படி மூச்சுவிடும்? அப்பி-அப்பி என்னும் அலையாத்தி மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டு வைத்தாற்போல் ஆயிரக்கணக்கில் நிற்கின்றனவே, அவை அந்த மரத்தின் மூச்சுவேர்கள். சுரபுன்னை என்னும் பாக்காவ் மரத்துக்கு, முட்டுக்கொடுத்தாற்போல் வளைந்து இறங்கும் வேர்களே மூச்சுக்குழாய்கள். மேலேயிருந்து இறங்கும் காற்றில் கொஞ்சம் வேரின் நுனியிலிருந்து சேற்றுக்குள் கசிகிறது. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அந்தக் காற்றுப் பட்டதும் துருப்பிடித்து, வேரின்மேல் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மேற்பூச்சாகப் படிகிறது. மழையில் கிடந்த ஆணிமேல் துரு படிவதில்லையா, அதே துருதான். பாஷாணமும் காரீயமும் துத்தநாகமும் இந்தத் துருவில் ஒட்டிக்கொண்டு பெருமளவு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

மூன்றாம் காவல் வேரின் உள்ளே. கண்டல் மரங்களின் பரம்பரைப் பகை உப்பு. சுரபுன்னை, தான் உறிஞ்சும் கடல்நீரிலுள்ள உப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வேரிலேயே தடுத்துவிடும். வேரின் உட்புறத்தில் மெழுகு பூசிய ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையத்தைச் சுற்றிக்கொண்டு எதுவும் போக முடியாது. உயிரணுவின் வாசல் வழியாகத்தான் போகவேண்டும். வாசலில் சோதனை உண்டு. பழைய நாளில் லிங்கி ஆற்றில் வெள்ளீயப் படகுகளை நிறுத்தித் தலைவர்கள் வரி வாங்கினார்கள். 1757ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் குவாலா லிங்கியில் கோட்டையே கட்டினார்கள். கோட்டையின் காலம் முடிந்துவிட்டது. அதே ஆற்றுவாயில் இந்த வேர்களின் சுங்கச் சாவடி மட்டும் இன்றும் திறந்திருக்கிறது. உப்புக்காக ஏற்பட்ட இந்தச் சோதனையே உலோகத்தையும் மடக்குகிறது.

அதையும் தாண்டி உள்ளே வந்த உலோகத்தை மரம் என்ன செய்கிறது? நான்காம் காவல் உயிரணுவுக்குள். காட்மியம் போன்ற உலோகம் நுழைந்தவுடன், தாவர உயிரணுக்கள் கந்தகம் நிறைந்த சிறு புரதச் சங்கிலிகளைத் தயாரிக்கின்றன. அவை உலோகத்தைக் கைப்பிடியாகப் பிடித்து, உயிரணுவின் நடுவிலுள்ள நீர்ப்பையில் கொண்டுபோய் அடைத்துவிடும். அங்கே அடைபட்ட நஞ்சு, உணவு தயாரிக்கும் இடங்களைத் தொட முடியாது. வேரணுக்களின் தடித்த சுவர்களும் உலோகத்தைப் பிடித்து வைக்கின்றன.

கடைசியாக இலை. அலையாத்தி இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் உப்பை வெளியே தள்ளுவதால், வெயிலில் இலைமேல் உப்புப் பொடி பூக்கும். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அலையாத்தி இனத்து மரம் ஒன்றைச் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சுரப்பிகள் உப்போடு துத்தநாகத்தையும் செம்பையும்கூட வெளியேற்றுகின்றன என்று அதில் தெரியவந்தது. காரீயமோ பெரும்பாலும் வேரோடு நின்றுவிட்டது. அதாவது தனக்குத் தேவைப்படும் உலோகத்தை மரம் ஓரளவு மேலே ஏற்றி, மிஞ்சியதைக் கழிக்கிறது. தேவையே இல்லாததை வாசலிலேயே நிறுத்தப் பார்க்கிறது. முதிர்ந்த இலைகளில் சேர்ந்த மிச்சமும் இலை உதிரும்போது மரத்தைவிட்டுப் போய்விடுகிறது.

நேயர்களே, இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் இப்படி எண்ணக்கூடும்: நஞ்சை வாங்கிக்கொள்ள இயற்கையே ஒரு காட்டை வைத்திருக்கிறது, இனி நமக்கென்ன கவலை? அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

கண்டல் காடு நஞ்சை அழிக்கவில்லை. பூட்டி வைத்திருக்கிறது, அவ்வளவே. அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று, நிற்கும் மரம்; மற்றொன்று, காற்றுப் படாத ஈரச் சேறு. இரண்டையும் நாம் கலைக்காதவரை நஞ்சு உறங்கும்.

மரத்தை வெட்டினால் என்ன ஆகும்? வேர் பிடித்திருந்த சேற்றை அலை அரித்துக்கொண்டு போகும். பல ஆண்டுகள் சேர்ந்த உலோகம் சில பருவங்களிலேயே கடலில் கலந்துவிடும். இறால் குளத்துக்காகவோ பயிருக்காகவோ வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், நிலைமை இன்னும் மோசம். அதுவரை காற்றுப் படாமலிருந்த கந்தகச் சேற்றில் காற்றுப் பட்டு, கந்தக அமிலம் உண்டாகிறது. கடலோரத்துத் தோட்டங்களில் புதிதாக வெட்டிய வாய்க்காலில் நீர் செம்பழுப்பாகி, மீன் செத்து மிதப்பதும், பயிர் பிடிக்காமல் போவதும் இந்த அமிலத்தால் நேரக்கூடும். ஸ்டோரிலே ஆசிட் பாலை உறையவைத்தது. இங்கேயோ ஆசிட், உறைந்து கிடந்த உலோகத்தைக் கரைத்து ஓடவிடுகிறது.

மரத்தின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. வளர்ந்த மரம் தாங்கும் அளவை இளங்கன்று தாங்காது. செம்போ துத்தநாகமோ மிகுந்தால் கன்றின் வேர் குட்டையாகிவிடும், இலை சிறுக்கும். பார்வைக்குக் காடு பசுமையாகவே இருக்கும். ஆனால் கீழே கன்றுகள் எழும்பாமல், காடு மெல்லக் கிழடாகிக்கொண்டு வரும். தமிழ்நாட்டில் சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில், அனல் மின்நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் குழம்பு பல ஆண்டுகளாகப் படிந்து வந்தது. நிலக்கரிச் சாம்பலில் பாஷாணமும் பாதரசமும் பிற உலோகங்களும் உண்டு. மூச்சுவேர்கள் சாம்பலில் புதைந்துபோனால் எந்தக் காவலும் வேலை செய்யாது. அங்கே நண்டும் இறாலும் பிடித்துப் பிழைத்த மீனவர்கள் தங்கள் கழிமுகத்துக்காகப் போராடினார்கள். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

இனி, நம் வீட்டுச் சமையலறைக்கு வருவோம். கண்டல் சேற்றிலும் அதையடுத்த சேற்றுத் திடலிலும்தான் கெராங் விளைகிறது; நண்டும் இறாலும் வளர்கின்றன. உதிர்ந்த கண்டல் இலையை நண்டு தின்கிறது. கெராங் போன்ற சிப்பியினம் நீரை வடிகட்டி உண்பதால், நீரிலுள்ள உலோகத்தையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். கிருமியென்றால் கொதிக்கவைத்துக் கொல்லலாம். காரீயத்தையும் காட்மியத்தையும் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கொல்ல முடியாது. புளியும் மஞ்சளும் போட்டாலும் அது போகாது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள், உணவில் இந்த உலோகங்கள் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. ஆனால் ஆலைக் கால்வாய் வந்து விழும் இடத்தில் நாமே பொறுக்கிக் கொண்டுவரும் சிப்பியை எந்த அதிகாரியும் சோதித்துத் தருவதில்லை. அத்தகைய இடங்களில் பொறுக்குவதைத் தவிர்ப்பதே நல்லது. சிறுவர்களும் கருவுற்ற தாய்மார்களும் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும்.

பெரிய ஆலைகளைக் கேள்வி கேட்கச் சட்டம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 2005ஆம் ஆண்டில் வந்த அட்டவணைக் கழிவு விதிமுறைகளும், உலோகக் கழிவை ஆற்றில் விடுவதைத் தடுக்கின்றன. ஆற்றுநீரின் நிறம் திடீரென மாறினாலோ, மீன்கள் செத்து மிதந்தாலோ, சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிவிப்பது நம் உரிமை, கடமையும்கூட. அதே சமயம் நம் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கார் பேட்டரியைக் கொல்லையில் உடைத்து ஈயத்தை எடுப்பது, உள்ளிருக்கும் அமிலத்தைக் கால்வாயில் ஊற்றுவது, எரிந்துபோன குழல்விளக்கை உடைத்தெறிவது, பழைய கைப்பேசியையும் வானொலிப் பெட்டியையும் குப்பையோடு கொளுத்துவது ஆகிய எல்லாமே ஆற்றுக்குக் காரீயத்தையும் பாதரசத்தையும் காட்மியத்தையும் அனுப்பும் வேலைகள். பேட்டரியை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். மின்பொருள் கழிவைச் சேகரிப்பு நிலையத்தில் சேர்க்கலாம். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் வீட்டுக் கால்வாயில் ஊற்றியது அங்கேயே நின்றுவிடாது; கால்வாய் ஆற்றுக்குப் போகும், ஆறு கழிமுகத்துக்குப் போகும்.

பேராக் மாநிலத்தின் மாத்தாங்கில் சுமார் 40,000 ஹெக்டர் கண்டல் காடு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அதைத் திட்டமிட்டுப் பேணி வருகிறார்கள். நம் மலாக்காவில் மிஞ்சியிருப்பவை சிறு கீற்றுகளே. பட்டணத்துக் கடற்கரையில் கடலைத் தூர்த்துப் புதுநிலம் எழுப்பியதில் பழைய சேற்றுக் கரையில் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. ஆகவே இருப்பதைக் காப்பது, புதிதாக நடுவதைவிட முந்திய வேலை. புதிதாக நட்ட கன்று நூற்றாண்டுச் சேற்றைப் பூட்டிவைக்கும் மரமாக வளர நெடுங்காலம் ஆகும்.

நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கடற்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றால், ஒரு மணி நேரம் இந்தக் காட்டோரம் நிறுத்திக் காட்டலாம். மூச்சுவேர்களை எண்ணச் சொல்லலாம். அலையாத்தி இலையின் உப்பைப் பார்க்கச் சொல்லலாம். பூத்தா-பூத்தா என்னும் மரத்தைத் தெரிந்தவர் துணையோடு தூரத்திலிருந்து காட்டலாம். பூத்தா என்றால் மலாயில் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும் என்பதால் அந்தப் பெயர். ரப்பர் மரமும் அதுவும் ஒரே தாவரக் குடும்பம். அதற்குத் தமிழில் பெயர் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததும் இந்த மரந்தான்.

நம் முன்னோர் தலமரமாகப் போற்றிய மரம் இங்கேயும் நம் கழிமுகங்களில் நின்று, நாம் விட்ட நஞ்சைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது தாங்குகிறது என்பதற்காக, மேலும் மேலும் சுமத்துவது நியாயமாகாது. சுமையைக் குறைப்போம், சேற்றைக் கிளறாமல் இருப்போம், மரத்தை வெட்டவிடாமல் காப்போம்.